இன்டரிம்: இடைக்காலமா, பொறுப்பா, பதிலா?

அமெரிக்கக் கூடைப்பந்துச் செய்திகளைத் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் என் கையை நிறுத்திவைக்கும் சொல் ஒன்று உண்டு: இன்டரிம் ஜெனரல் மேனேஜர். என்.பி.ஏ. அணி ஒன்று, ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதையும் விடுப்பதையும் முடிவு செய்யும் தன் பொது மேலாளரை நீக்குகிறது. அவருக்குக் கீழே இருந்த ஒருவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து, பதவிப் பெயருக்கு முன்னால் ‘இன்டரிம்’ என்று ஒட்டிவிடுகிறது. சில மாதங்கள் போனதும் ரசிகர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கும். இவரையே நிரந்தரமாக்கிவிடலாமா, வெளியிலிருந்து ஆள் தேடலாமா? இதற்கு விடை சொல்வதற்கு முன் அந்த ஒட்டுச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அணி அவருக்கு உண்மையில் எதைக் கொடுத்தது என்பது அப்போதுதான் தெரியும்.

லத்தீனில் ‘இன்டரிம்’ ஒரு வினையடை. ‘அதற்கிடையில்’, ‘அதுவரைக்கும்’ என்று பொருள். ‘இன்டர்’ என்றால் இடையே, ‘இம்’ ஈறு. பெயருக்கு முன்னால் நின்று பதவியைச் சுட்டும் வழக்கம் பிறகு வந்தது. ஐரோப்பிய வரலாற்றில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்த நிகழ்வு 1548-இல் நடந்தது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிக்கொண்டிருந்த காலம். திருச்சபையின் பொதுச்சங்கம் இறுதி முடிவு சொல்லும்வரை வழிபாடும் சடங்கும் எப்படி நடக்க வேண்டும் என்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்த அந்த ஆணைக்கு ‘ஆக்ஸ்பர்க் இன்டரிம்’ என்றே பெயர். இரு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை. 1555-இல் ஆக்ஸ்பர்க் சமாதான உடன்படிக்கை வந்து அதன் கதையை முடித்தது. நமக்கு வேண்டியது அந்த ஆணையின் அமைப்புதான். இன்னது வரும்வரை இது என்று அதற்கு ஓர் எல்லை இருந்தது. எதிர்முனை ஒன்று இல்லாமல் ‘இன்டரிம்’ என்று சொல்லவே முடியாது.

லத்தீன் ‘இன்டர்’ என்ற சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்பு இருக்கிறது: ‘அந்தர்’. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. இந்தியில் இடைக்கால அரசை ‘அந்தரிம் சர்க்கார்’ என்பார்கள்; ஒலியும் பொருளும் லத்தீன் சொல்லோடு அப்படியே பொருந்திவிடும். அந்தக் குடும்பத்துச் சொல் தமிழுக்கும் வந்தது. ‘அந்தரம்’ என்றால் இடைவெளி, வெட்டவெளி. மேலே பிடிப்பும் கீழே தரையும் இல்லாத நிலையை ‘அந்தரத்தில் தொங்குகிறான்’ என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ‘அந்தரப்படாதை’ என்றால் பதற்றப்படாதே என்று பொருள். இடைவெளி என்ற சொல் பரிதவிப்பு என்ற பொருளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சொல் விளக்கத்தை எழுதத் தூண்டியது அடுத்த செய்திதான். இடைக்காலத்துக்கு எதிர்ச்சொல்லாக நாம் ‘நிரந்தரம்’ என்கிறோம் அல்லவா? அதைப் பிரித்தால் நிர் + அந்தரம். இடைவெளி இல்லாதது. ‘இன்டரிம்’ என்ற சொல்லில் இருக்கும் அதே வேர் ‘நிரந்தரம்’ என்ற சொல்லிலும் இருக்கிறது, முன்னால் ஒரு மறுப்போடு. ‘இன்டரிம் மேலாளர் நிரந்தர மேலாளர் ஆனார்’ என்று எழுதும்போது, அந்தரத்தில் இருந்தவருக்கு அந்தரம் நீங்கியது என்றுதான் எழுதுகிறோம். எத்தனையோ முறை தட்டச்சு செய்த சொல்லுக்குள் இது இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

சரி, தமிழில் எதைப் போடுவது? கையில் ஐந்து சொற்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வருபவை அல்ல.

‘இடைக்கால’ என்பது நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஊறிய சொல். இடைக்காலத் தடை, இடைக்கால ஜாமீன், இடைக்கால பட்ஜெட். முன்னும் பின்னும் எல்லை உள்ள காலம். ஆனால் இது காலத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்தக் காலத்தில் அமர்ந்திருப்பவருக்கு என்ன அதிகாரம் என்று சொல்வதில்லை.

‘தற்காலிக’ இன்னும் மெலிந்தது. தற்காலிகப் பணியாளர், தற்காலிகப் பாலம். நாளை இருக்காது என்பதுதான் முதலில் காதில் விழும்.

‘காபந்து’ அரசியலுக்கே உரியது. தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்கும்வரை இருப்பது காபந்து அரசு. இருப்பதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய கொள்கை முடிவு எடுக்கக் கூடாது என்ற மரபு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

‘பதில்’ இலங்கைத் தமிழின் அழகான சொல். பதில் நீதவான், பதில் அமைச்சர், பதில் பொலிஸ் மா அதிபர் என்று அங்கே நாளிதழ்களில் அன்றாடம் வரும். மேலாளரை அங்கே முகாமையாளர் என்பதால், நம் சொல் ‘பதில் பொது முகாமையாளர்’ ஆகிவிடும். தமிழ்நாட்டு வாசகர் இதைப் பார்த்தால், கேள்விக்கு விடை சொல்பவர் என்று ஒரு கணம் தடுமாறக்கூடும். ‘அவருக்குப் பதிலாக இவர்’ என்று சொல்லிப் பார்த்தால் தெளிந்துவிடும். ஒருவருடைய இடத்தில் நிற்பவர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஐந்தாவது ‘பொறுப்பு’. தமிழ்நாட்டு அலுவலக வழக்கு இதுதான். பொறுப்புத் தலைமை நீதிபதி, பொறுப்புத் துணைவேந்தர். பள்ளிக்கூடத்தில் ‘ஹெச்.எம். இன்சார்ஜ்’ என்று பேச்சில் சொல்வதை எழுத்தில் ‘பொறுப்புத் தலைமையாசிரியர்’ என்போம். இந்தச் சொல் காலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. யார் தோளில் பாரம் இருக்கிறது என்பதைத்தான் பேசுகிறது.

போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியில் பத்தாண்டு இடைவெளியில் இருவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஐந்து சொற்களில் எது பொருந்தும் என்று பார்க்க அந்த இரண்டு கதைகள் போதும்.

2011 மே மாதம் அந்த அணி தன் பொது மேலாளர் ரிச் சோவை நீக்கியது. அவர் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேர்வு செய்யும் பிரிவிலிருந்த சாட் புக்கானன் அந்த இடத்துக்கு வந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை ‘ஆக்டிங்’ என்றும் ‘இன்டரிம்’ என்றும் மாற்றி மாற்றி எழுதின. கறாராகப் பார்த்தால், பதவியில் இருப்பவர் விடுப்பில் போய்த் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்பவர் ‘ஆக்டிங்’. நாற்காலியே காலியாக இருக்கும்போது உட்காருபவர் ‘இன்டரிம்’. விளையாட்டுப் பக்கங்களில் அந்த வேறுபாட்டை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

2012 மார்ச் 15, ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளக் கடைசி நாள். அன்று புக்கானன் ஜெரால்ட் வாலஸை நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு அனுப்பினார். கிடைத்தவற்றில் முக்கியமானது அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நெட்ஸின் முதல் சுற்று வாய்ப்பு. முதல் மூன்று இடங்களுக்குள் விழுந்தால் நெட்ஸே வைத்துக்கொள்ளும் என்ற நிபந்தனையோடு. அன்றே பயிற்சியாளர் நேட் மெக்மில்லனும் நீக்கப்பட்டு, கேலெப் கனாலெஸ் இடைக்காலப் பயிற்சியாளர் ஆனார். ஒரே அணியில் மேலாளரும் இடைக்காலம், பயிற்சியாளரும் இடைக்காலம். அந்த வாய்ப்பு ஆறாவது இடத்தில் விழுந்தது. ஜூன் மாதம் அந்த இடத்தில் தேர்வானவர் டேமியன் லில்லார்ட். பின்னாளில் அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர்.

ஆனால் டிராஃப்ட் நாளில் புக்கானன் அந்த நாற்காலியில் இல்லை. அந்த ஜூன் மாதத் தொடக்கத்திலேயே நீல் ஓல்ஷேயை அழைத்துவந்து பொது மேலாளராக்கியிருந்தார்கள். விதை நெல்லைத் தேடி வாங்கியவர் ஒருவர், விதைத்தவர் இன்னொருவர். புக்கானன் பிறகு வேறு அணிக்குப் போய், 2017-இல் இந்தியானா பேசர்ஸின் பொது மேலாளர் ஆனார். அந்த அணி 2025-இல் இறுதிச் சுற்று வரை போனது. போர்ட்லண்டும் கெட்டுவிடவில்லை. ஓல்ஷே சரியான ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தார், அடுத்த ஆண்டே சி.ஜே. மெக்காலத்தையும் எடுத்தார். ஆகவே புக்கானனை நிரந்தரமாக்காதது பெரிய பிழை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் உறுதி. அவர் எடுத்த முடிவு அவருடைய இடைக்காலத்தோடு முடிந்துபோகவில்லை. பதினோரு பருவங்கள் அந்த அணியைத் தாங்கியது.

‘இடைக்கால’ என்ற சொல் இந்த இடத்தில்தான் போதாமல் போகிறது. ஒரு பொது மேலாளர் ஏழாண்டு கழித்து வரும் டிராஃப்ட் வாய்ப்பைக்கூட இன்றைக்கே இன்னோர் அணிக்குக் கொடுத்துவிடலாம். நான்கைந்து ஆண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். மேலாளரின் காலம் இடைக்காலம்தான். கையெழுத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

அடுத்தது 2021. டிசம்பர் 3-ஆம் தேதி ஓல்ஷே நீக்கப்பட்டார். வேலை பழகும் ‘இன்டர்ன்’ ஆக அதே அணியில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த ஜோ குரோனின் இடைக்காலப் பொது மேலாளர் ஆனார். அவர் காபந்து வேலை பார்க்கவில்லை. 2022 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் நார்மன் பவலையும் ராபர்ட் கவிங்டனையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்கும், லில்லார்டோடு எட்டாண்டுக்கும் மேல் ஜோடி சேர்ந்து ஆடிய மெக்காலத்தை நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸுக்கும் அனுப்பினார். ஓர் அணியின் ஒரு காலகட்டமே அந்த வாரத்தோடு கலைந்தது. பவல், கவிங்டன் பரிமாற்றத்தில் கொடுத்த அளவுக்கு வாங்கவில்லை என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தும் மே 10-ஆம் தேதி அவரை நிரந்தரமாக்கினார்கள்.

அது சரிதான் என்பது என் கருத்து. வீட்டைப் பிரிக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கட்டுவதற்கு வேறோர் ஆளைக் கூப்பிட்டால், எந்தக் கல்லை எதற்காக எடுத்தோம் என்று தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார். மெக்காலத்தை அனுப்ப அனுமதித்த நாளிலேயே உரிமையாளர் தரப்பு குரோனினைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டது. மே மாதம் நடந்தது அறிவிப்பு மட்டுமே. அதற்குப் பிறகு அணி நெடுநாள் தோற்றுக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் லில்லார்டையே மில்வாக்கிக்கு அனுப்பியவரும் அவர்தான். 2025 ஏப்ரலில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

பீனிக்ஸ் சன்ஸில் 2018 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில நாளே இருக்கும்போது பொது மேலாளர் நீக்கப்பட்டு, ஜேம்ஸ் ஜோன்ஸ், டிரெவர் பக்ஸ்டீன் இருவரும் சேர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். அணி 19 ஆட்டங்களில்தான் வென்றது, 63-இல் தோற்றது. வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஜோன்ஸை அனுப்பியிருப்பார்கள். 2019 ஏப்ரலில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். 2021-இல் அந்த அணி இறுதிச் சுற்றில் ஆடியது. ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது ஜோன்ஸுக்குக் கிடைத்தது. டல்லஸ் மேவரிக்ஸும் 2025 நவம்பரில், நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை வேறு அணிக்கு அனுப்பிய பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கிய கையோடு மைக்கேல் ஃபின்லி, மேட் ரிக்கார்டி என்ற இருவரை இணைந்து இடைக்காலப் பொறுப்பில் வைத்தது.

நிரந்தரமாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வெற்றி தோல்விக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் கையெழுத்திட்ட தாள்களைப் பாருங்கள். ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவன் மண்ணைப் பிழிந்துவிட்டுப் போவான். நாற்காலியைத் தக்கவைக்க ஆசைப்படும் இடைக்கால மேலாளரும், இந்தப் பருவத்தில் நான்கு ஆட்டம் கூடுதலாக வெல்ல வரப்போகும் ஆண்டுகளின் டிராஃப்ட் வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்துவிடக்கூடும். அப்படிச் செய்யாமல், தான் இல்லாவிட்டாலும் அணிக்கு நிற்கும் முடிவுகளை எடுத்தவர் என்றால் வெளியே தேட வேண்டியதில்லை. நேர்காணலுக்கு வருபவரிடம் வாய்ச்சொல் இருக்கும். இவரிடம் கணக்குப் புத்தகமே இருக்கிறது. முடிவு எதுவாக இருந்தாலும் தேதி வைத்துச் சொல்ல வேண்டும். எதிர்முனை சொல்லாத இடைக்காலம் அந்தரம்தான், யாழ்ப்பாணத்துப் பொருளிலும் சேர்த்து.

‘ஜெனரல் மேனேஜர்’ பற்றி ஒரு வரி. ‘மேனேஜ்’ இத்தாலிய மொழியில் குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அடியில் இருப்பது கை. தமிழில் ‘பொது மேலாளர்’ ரயில்வேயிலும் வங்கியிலும் வேரூன்றிவிட்டது. கூடைப்பந்தில் அவருடைய வேலை ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் விடுப்பதும்தான் என்றாலும், பழகிய சொல்லை மாற்ற நான் துணிய மாட்டேன்.

‘புரமோட்’ என்பதற்கு இந்த இடத்தில் ‘பதவி உயர்வு’ என்று எழுதுவது பொருந்தாது. நாற்காலி மாறவில்லை, உயரவும் இல்லை. ‘நிரந்தரமாக்கினர்’ என்பதே சரி. வேர் தெரிந்த பிறகு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது என் தேர்வு ‘பொறுப்புப் பொது மேலாளர்’. இலங்கை வாசகருக்கு ‘பதில் பொது முகாமையாளர்’. காலத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘இடைக்கால’: ‘குரோனின் ஐந்து மாத இடைக்காலத்தில் செய்த பரிமாற்றங்கள்’ என்பதுபோல. எழுதும்போது ‘பொறுப்புப்’ என்று ப் மிகும். ‘இடைக்காலப் பொது மேலாளர்’ என்பதிலும் மிகும். ‘பதில் பொது முகாமையாளர்’ என்பதில் ஒற்று வராது.