மட்டக்குறி: 'பெஞ்ச்மார்க்' என்னும் சொல் வந்த வழி

'பெஞ்ச்மார்க்' என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. வங்கிக்காரர் வட்டிக்கு ஒரு பெஞ்ச்மார்க் சொல்கிறார், செல்போன் விற்பவர் வேகத்துக்கு ஒன்று சொல்கிறார், திருப்பூர் பனியன் கம்பெனியில் தரத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பயன்படும் இந்தச் சொல், கல்லில் உளியால் வெட்டிய ஒரு கோட்டிலிருந்து வந்தது. அந்த மாதிரிக் குறிகளைத் தேடிப் போவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. எனக்கும் அந்தப் பித்து இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லுக்குத் தமிழில் சரியான ஒன்று நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெஞ்சு என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுதான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் தேவாலயச் சுவர், பாலத்தின் கல் என்று எளிதில் அசையாத இடமாகப் பார்த்து, கிடைமட்டமாக ஒரு வெட்டு வெட்டினார்கள். அந்த வெட்டில் ஓர் இரும்புக் கோணத்தைச் செருகினால் அது வெளியே நீட்டிக்கொண்டு தாங்கி நிற்கும். அதன் மேல்தான் அளவுக்கம்பை நிறுத்துவார்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் வந்தாலும் கம்பு அதே உயரத்தில் நிற்கும். அந்தத் தாங்கிதான் பெஞ்சு. அதற்கான வெட்டுதான் மார்க். வெட்டுக்குக் கீழே, அதைத் தொடுகிற மாதிரி மேல்நோக்கி ஓர் அம்புக்குறியையும் செதுக்கினார்கள். அரசாங்கச் சொத்து என்பதற்கு அவர்கள் போடும் அடையாளம் அது. ஆங்கிலத்தில் 'மார்க்' என்பதன் பழைய பொருள் எல்லை. எல்லையைக் காட்டும் அடையாளம், பிறகு எந்த அடையாளமும் என்று அது பின்னால் விரிந்தது. கல்லைக் குறித்த 'பெஞ்ச்மார்க்' தரத்தைக் குறிக்கும் உவமையாக மாறியதும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நடந்துவிட்டது.

கொங்கு நாட்டில் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்தச் சொல் சுருங்கி 'பி.எம்.' என்று காதில் விழும். அடித்தளம் போடும் முன் பொறியாளர் பக்கத்திலிருக்கும் சிறுபாலத்தின் மேலோ, பக்கத்து வீட்டுப் படியிலோ பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, இதுதான் டி.பி.எம். என்பார். தற்காலிகமாக வைத்துக்கொண்ட பி.எம். என்று பொருள். அதன் மட்டம் 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, கோட்டின் மேல் ஸ்டாஃபை, அதாவது அளவுக்கம்பை, பிடிக்கச் சொல்லிப் பார்த்தால் 1.425 தெரிகிறது. அப்படியென்றால் கருவியின் பார்வைக்கோடு 101.425-இல் இருக்கிறது. இப்போது ஸ்டாஃபைக் கொண்டுபோய்த் தூணடியில் வைத்தால் 0.825. கழித்தால் 100.600. தூணடி அந்தக் கோட்டைவிட 60 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவுதான் கணக்கு. வேலை முடியும்வரை அந்தப் பெயின்ட் கோட்டை யாரும் அழித்துவிடக்கூடாது. அழிந்தால் எல்லா மட்டமும் பிடிமானம் இல்லாமல் போய்விடும்.

அந்த 100 என்பது மனத்துக்கு வைத்துக்கொண்ட எண். உண்மையான பெஞ்ச்மார்க்கின் எண்ணோ கடலிலிருந்து தொடங்குகிறது. துறைமுகங்களில் அலையேற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து சராசரிக் கடல் மட்டத்தைக் கண்டு, அங்கிருந்து சாலை வழியாகவும் ரயில் பாதை வழியாகவும் மேலே சொன்ன அதே கூட்டல் கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்தபடி உள்நாட்டுக்குள் வருகிறார்கள். வழிநெடுகக் குறிகளை விட்டுவிட்டு வருகிறார்கள். நாக்பூரின் பழைய ஜீரோ மைல் தூண் அருகே 1907-இல் வைத்த அப்படியொரு குறி இருக்கிறது, அதில் 1020.171 அடி என்று பொறித்திருக்கிறார்கள். அடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை! நம் ரயில் நிலைய மஞ்சள் பலகைகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே இருக்கும் உயர எண்ணும் இந்தக் கணக்கின் வழி வந்ததுதான். ஈரோட்டுப் பலகையில் 200 மீட்டரைத் தொடாத எண், கோவை சந்திப்புக்கு வந்தால் 400-ஐத் தாண்டிவிடும். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் தொடங்கும் நீலகிரி மலை ரயில் 2203 மீட்டருக்கு ஏறுகிறது. ஆனால் பலகை என்பது பலகைதான். அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினாலும் எண் மாறாது. குறி என்பது அந்தக் கல்லின் அந்தப் புள்ளி.

சரி, இதற்குத் தமிழ் என்ன? நிலைக்குறி, தளக்குறி, அளவுக்குறி என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். நிலை என்றால் இங்கே கதவு நிலைதான் முதலில் நினைவுக்கு வரும். படித்தவர்களுக்கு நிலைமை என்று தோன்றும். அளவுக்குறி என்பது எதை அளக்கிறது என்று சொல்வதில்லை. நான் 'மட்டக்குறி' என்பதையே எழுதுகிறேன், எழுதவும் சொல்கிறேன். இந்தக் குறி காட்டுவது உயரத்தை, அதாவது மட்டத்தை. அந்தச் சொல் ஏற்கெனவே கொத்தனார் கையில் இருக்கிறது: ரசமட்டம், டியூப் மட்டம், மட்டக்கம்பு. தண்ணீர் நிரப்பிய டியூபை இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு 'மட்டம் பார்க்கிற' வேலையும் மட்டக்குறி செய்கிற வேலையும் ஒன்றேதான். மட்டு என்ற வேர்ச்சொல்லுக்கு அளவு, எல்லை என்று பொருள். மட்டில்லாத மகிழ்ச்சி என்கிறோமே, அந்த மட்டு. மார்க்கின் பழைய பொருளும் எல்லை என்று மேலே பார்த்தோம்.

மட்டம் என்றால் தாழ்வு என்றும் பொருள் வருமே, மட்டமான சரக்கு, மட்டம் தட்டுவது என்றெல்லாம் சொல்கிறோமே என்று சிலர் தயங்குகிறார்கள். கடல் மட்டம் என்று எழுதும்போதும், அணையின் நீர்மட்டம் 90 அடி என்று செய்தி வாசிக்கும்போதும் யாருக்கும் அந்தத் தாழ்வு நினைவு வருவதில்லை. பொருளைச் சூழல் காட்டிவிடும்.

மட்டம் என்ற எண்ணம் நமக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரை வளைந்து வளைந்து 56 மைல் போகிறது. பாம்பு வழிகாட்டியது என்று ஊரில் கதை சொல்வார்கள். வாய்க்கால் அப்படி வளைவதற்குக் காரணம் மட்டம்: மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி மேட்டைச் சுற்றிச் சுற்றித்தான் தண்ணீரைக் கொண்டுபோக முடியும். வெட்டியவர்களுக்கு மட்டம் தெரிந்திருக்கிறது. எண்ணைக் கல்லில் பொறித்து வைக்கும் வழக்கம்தான் பின்னால் வந்தது.

உவமைப் பொருளுக்கு மட்டக்குறியை இழுக்க வேண்டியதில்லை. தரத்தைச் சொல்லும் இடத்தில் அளவுகோல், உண்மையைச் சோதிக்கும் இடத்தில் உரைகல், கணினியின் வேகத்தைச் சொல்லும் இடத்தில் திறன் சோதனை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. 'இவருடைய இன்னிங்ஸ் ஒரு மட்டக்குறி' என்று எழுதினால் எனக்கே கூசும்.

அப்புறம், வேறு கற்களோடு இது குழம்பக்கூடாது. வயலோரம் நிற்பது சர்வே கல். அது ஒருவர் காடு எங்கே முடிகிறது என்று காட்டும், உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மலையுச்சிப் பாறையில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் செதுக்கியிருந்தால் அது முக்கோண அளவையின் குறி, அதாவது இடங்களை முக்கோணங்களாக இணைத்து நிலத்தை அளக்கும் முறையின் குறி. திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனியார் கைக்கு வந்த நிலத்தை அளக்க வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் பரங்கிமலை அருகே தொடங்கிய வேலை அது. 1805-இல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். மறுவருடமே லாம்டன் கோவை வட்டாரத்தில் அடிக்கோடு, அதாவது அந்த முக்கோணங்களுக்கு அடிப்படையான நேர்கோடு, அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெரும் அளவையின் ஆங்கிலச் சுருக்கமான 'ஜி.டி.எஸ்.' என்ற எழுத்துகள்தான் பின்னால் வந்த மட்டக்குறிகளிலும் ஏறின.

தேடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சங்ககிரிக் கோட்டைக்குப் போகும் ஒருவர் மட்டக்குறி உச்சியில்தான் இருக்கும் என்று நினைத்து மலை முழுக்க ஏறித் தேடினால் கால் வலிதான் மிஞ்சும். மட்டம் அளந்தவர்கள் சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி நடந்தவர்கள். ஆகவே மலையடிவாரத்தில், பழைய கல் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும், பழைய அரசுக் கட்டடத்தின் படியிலும், ரயில் நிலைய நடைமேடை ஓரத்திலும் தேட வேண்டும். உச்சியில் பார்க்க வேண்டியது வட்டமும் புள்ளியும்.

உலகப் புகழ்பெற்ற இடங்களிலும் இப்படித்தான், கூட்டம் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் குறி இருக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைப் பார்க்கப் போகிறவர்கள் 555 அடி உயரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். தூணுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி, தரையில் ஓர் இரும்பு மூடிக்குக் கீழே, அதே தூணின் 12 அடி உயரச் சின்ன வடிவம் ஒன்று புதைந்து நிற்கிறது. பெஞ்ச்மார்க் 'ஏ' என்று அதற்குப் பெயர். 1880-களில், கட்டிக்கொண்டிருந்த பெரிய தூண் மண்ணில் அமிழ்கிறதா என்று கண்காணிக்க வைத்தது. மட்டக்குறி தேடுபவர்கள் அங்கே போனால் முதலில் பார்க்க நினைப்பது அந்த மூடியைத்தான்.

நம் பக்கம் குறி சுண்ணாம்புக்கு அடியிலோ பாசிக்கு அடியிலோ மறைந்திருக்கும். நடுப்பகலில் பார்த்தால் வெறும் கல்தான். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால், வெட்டின் விளிம்பில் நிழல் கட்டி, ஒரு சிறு சதுரமும் அதன் கீழே 'பி', 'எம்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் மெல்லத் தெரியவரும். எழுத்தின் ஓரத்தில் உளி தடம்கூடத் தெரியும். அந்த நேரம் பார்த்து யாராவது வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, ரோடு அகலப்படுத்தறாங்களா?" என்று கேட்பார்கள். நிலம் போய்விடுமோ என்ற கவலை அந்தக் கேள்வியில் இருக்கும்; நின்று விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படம் எடுக்க வேண்டும்.

கம்பிப் பிரஷ், அமிலம், உளி எதுவும் வேண்டாம். அரசு வைத்த அளவைக் குறியைச் சேதப்படுத்துவதும் இடம் மாற்றுவதும் குற்றம். சங்ககிரிக் கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே கூடுதல் கவனம் வேண்டும். குறியை நெருக்கத்தில் ஒரு படம், பாலம் முழுதும் தெரிய ஒரு படம், செல்போன் காட்டும் இடக்குறிப்பு, கல்லில் படிக்க முடிந்த எழுத்து அத்தனையும். இவ்வளவும் எழுதி வைத்தால் போதும். நான்குவழிச் சாலை வரும்போது முதலில் இடிபடுவது பழைய கல் பாலங்கள்தான். அவற்றோடு குறியும் போய்விடும். அதனால் உங்கள் ஊர்ச் சாலையில் அப்படியொரு பாலம் மிச்சமிருந்தால் இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.