கரண்டு போய்விட்டது: ஸ்பானிய மொழியில் 'செ' செய்கிற வேலை

2025 ஏப்ரல் 28 அன்று, நண்பகல் தாண்டிய நேரத்தில், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரேயடியாக மின்சாரம் நின்றுபோனது. இப்படி ஆகும்போது ஸ்பெயினில் சொல்வது: 'செ ஆ ஈதோ லா லுஸ்'. லுஸ் என்றால் வெளிச்சம், ஈதோ என்பது 'போ' வினையின் ஒரு வடிவம். நாம் 'கரண்டு போயிடுச்சு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அந்தக் குட்டி 'செ' இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது.

பாடப்புத்தகங்கள் 'செ' என்றால் 'தன்னை' என்று சொல்லிக்கொடுக்கும். லவார் கழுவு, லவார்செ கழுவிக்கொள். சரி, இது புரிகிறது. ஆனால் இர் (போ) என்ற வினையோடு அதே 'செ' ஒட்டி இர்செ என்று வந்ததும், 'தன்னைப் போவது' எப்படி என்று தலை சுற்றும். அங்கே 'தன்னை' என்பதை மறந்துவிடுவதுதான் நல்லது. தமிழில் 'கொள்', 'விடு' என்று இரண்டு துணைவினைகள் பிரித்துச் செய்யும் வேலையை ஸ்பானியம் ஒரே சொல்லின் தலையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

'ஹுவான் ஃபுவே அ லீமா': ஹுவான் லீமாவுக்குப் போனான், போய்த் திரும்பியும் இருக்கலாம். 'ஹுவான் செ ஃபுவே அ லீமா': லீமாவுக்குப் போய்விட்டான், இங்கே இப்போது ஆள் இல்லை. இர் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கிறது, இர்செ விட்டுப்போகும் இடத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அதனால்தான் ஊர் பெயரே சொல்லாமல் 'செ ஃபுவே' என்று நிறுத்தலாம். வெறும் 'ஃபுவே' என்று நிறுத்தினால் கேட்பவர் 'எங்கே?' என்பார், அல்லது 'இரு' என்ற வினையின் இறந்தகாலமும் அதே ஃபுவேதான் என்பதால் குழம்பிப்போவார்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி வேறு. சாப்பிட வா என்று உள்ளேயிருந்து கூப்பிட்டால் 'யா வோய்' என்று பதில் சொல்ல வேண்டும், இதோ வருகிறேன் என்று அர்த்தம். அதில் 'மெ' சேர்த்து (நான் என்று பேசும்போது 'செ' இப்படி 'மெ' ஆகிவிடும்) 'யா மெ வோய்' என்றால், நான் கிளம்புகிறேன்! இப்படி அந்த நொடியில் கிளம்புவதைச் சொல்ல 'விடு' பொருந்தாது என்பதையும் இங்கேயே பார்க்கலாம், அப்போது நம் 'கிளம்பு'தான் சரியான சொல்.

வெளியேறுவதைச் சொல்லும் சலீர் வினையிலும் இதே கதைதான், ஆனால் 'செ' சேர்ந்ததும் இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டிய வாடை வந்துவிடும். படம் முடிந்து தியேட்டரைவிட்டு வந்தால் சலீர், பாதியில் எழுந்து வந்தால் சலீர்செ. பால் பொங்கி வழிந்தாலும், ரயில் தடம் புரண்டாலும் 'செ சலியோ'.

எல்லா ஊரிலும் இப்படியே பேசுகிறார்களா என்றால் இல்லை. ஸ்பெயினில் பொதுவாகக் கிளம்பும்போது 'மெ மார்ச்சோ' என்பார்கள், வடக்கே அஸ்தூரியாஸ், கலீசியா பக்கம் போனால் 'மெ' இல்லாமல் வெறும் 'மார்ச்சோ' என்பதையே அடிக்கடி கேட்கலாம், அங்கே அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பலரை ஒன்றாகப் பார்த்து 'போய்விடுங்கள்' என்று சொல்ல இலக்கணப்படி 'ஈதோஸ்' என்றிருக்க, ஸ்பெயினில் மக்கள் வாயில் வந்தது 'ஈரோஸ்'. ஸ்பானிய அரச மொழிக் கழகம் 2017இல் அதையும் ஏற்றுக்கொண்டது.