ராம்ப்பில் ரிவர்ஸ் எடுக்காதீங்க சாமி

இந்த மாதம் இது மூன்றாவது பம்பர். பெங்களூரு சில்க் போர்டு பக்கம் ஃப்ளைஓவர் ராம்ப்பில் பாதி ஏறிய பிறகு, "அடடா, கீழேதானே போகணும்" என்று தோன்றி மனுஷன் அப்படியே ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பின்னால் வந்த டெம்போக்காரர் சமயத்தில் பிரேக் போட்டதால் பம்பரும் டிக்கியும் நசுங்கியதோடு போயிற்று. அல்சூரில் இருக்கும் என் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தவர் பம்பரைப் பற்றிப் பேசவே இல்லை. டேஷ்போர்டில் வழிகாட்டும் ஸ்கிரீனைக் காட்டி, "அண்ணா, இந்த செட்டை மாத்திக் கொடுங்க, ஜிபிஎஸ் பொய் சொல்லுது" என்கிறார். வெளியே நிறுத்திப் பார்த்தேன், வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி என் ஷெட் வாசலில்தான் நிற்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜிபிஎஸ் சேட்டிலைட் உங்கள் வண்டியைப் பார்ப்பதில்லை. நீங்கள் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போ மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, கோயில் மணி மாதிரி. மணிக்குத் தெரியுமா யார் காதில் விழுகிறது என்று? அதைக் கேட்டு, சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது டேஷ்போர்டில் இருக்கிற உங்கள் பெட்டி. குறைந்தது நாலு சேட்டிலைட் வேண்டும். நாலாவது எதற்கென்றால், பெட்டிக்குள் இருக்கும் மட்டமான கடிகாரத்தைத் திருத்த. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் போய்விடும். ரோடு, திருப்பம், ஒன்வே இதெல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை, யாரோ வரைந்து வைத்த மேப்பிலிருந்து வருகிறது. நெட் வேண்டியதும் அந்த மேப்புக்கும் டிராஃபிக்குக்கும்தான்.

சரி, எவ்வளவு துல்லியம்? திறந்த வெளியில் ஒரு போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லும். நம் ஹைவேயில் ஒரு லேன் 3.5 மீட்டர். ராம்ப்பும் சர்வீஸ் ரோடும் பிரியும் இடத்தில் நடுவில் ஒரு சின்னத் தடுப்புதான் இருக்கும், அங்கே அந்தப் பெட்டி என்ன செய்யும் பாவம்? பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ரோட்டோடு புள்ளியை ஒட்டவைத்துவிடும். புள்ளி ரோட்டின் மேல் அழகாக ஓடுகிறதே என்று நம்பாதீர்கள், அது ஒட்டவைத்த அழகு. உயரக் கணக்கில் பிசகு இன்னும் அதிகம். ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை 2024-இல் திறந்த டபுள் டெக்கரைப் பாருங்கள்: கீழே ரோடு, நடுவில் ஃப்ளைஓவர், மேலே மெட்ரோ. கீழே போகிறவருக்கு வானமே கொஞ்சம்தான் தெரியும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பித் தாமதமாக வரும், பெட்டி அதையும் நம்பிக் கணக்குப் போடும்.

(ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் இரும்புக்கு அடியில் திணித்து மூடுகிற ஃபிட்டர்களும் எங்கள் தொழிலில் உண்டு. மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள்.)

ஃப்ளைஓவர் வருகிறதென்றால் ஸ்கிரீனை விட்டுவிட்டு மேலே தொங்கும் பச்சை போர்டைப் படியுங்கள். போன் மேப்பில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால், அதற்கே சந்தேகம் என்று அர்த்தம். மழையில் அண்டர்பாஸ் வழியாகப் போகச் சொன்னால் இறங்காதீர்கள், எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று மேப்புக்குத் தெரியாது. தப்பாக ஏறிவிட்டீர்களா, ஏறியது ஏறியதுதான், அப்படியே போய் இறங்கித் திரும்பி வாருங்கள். எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் என்றால் டோல் போகும், அரை மணி நேரம் போகும், போகட்டும். தயவுசெய்து ரிவர்ஸ் மட்டும் வேண்டாம், பின்னால் வருவது எப்போதும் டெம்போவாகவே இருக்காது.

அவருக்கு செட்டை மாற்றவில்லை. பம்பருக்கும் டிங்கரிங்குக்கும் மட்டும் பில் போட்டேன். "அப்போ புது செட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.