மூங்கில் குழலுக்குள் ஒரு பெட்டை வாத்து

மல்லார்ட் காட்டு வாத்தில் கணீரென்று 'குவாக்' போடுவது பெட்டைதான். ஆணுக்குத் தொண்டை கட்டியது போல ஒரு கரகரப்பு, அவ்வளவே. குளிர்காலத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சதுப்பு நிலத்துக்கு வலசை வரும் வாத்துகளைக் கீழே இறக்க, வேட்டைக்காரர்கள் ஊதலில் பெட்டையின் குரலைக் கொண்டுவரப் பாடுபடுவது அதனால்தான்.

அங்கே இந்த ஊதலை நாணலில் செய்பவர்கள் கேஜன் மக்கள். அவர்களின் முன்னோர், இன்றைய கனடாவின் கிழக்கோரத்திலிருந்து 1755 முதல் பிரிட்டிஷ்காரர்களால் துரத்தப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள். லூசியானாவில் அவர்கள் கைக்குக் கிடைத்தது ஆற்றோரம் மண்டிய மூங்கில் வகை நாணல். கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டை நறுக்கினால் குழல் தயார். உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளை ஏமாற்றுவதை 1935இல் அமெரிக்க அரசு தடை செய்ததும் ஊதலுக்கு மவுசு கூடியது. லேக் சார்லஸ் ஊரின் ஃபாக் குடும்பம் அதைப் பெயர்பெற்ற தொழிலாகவே ஆக்கியது.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? குழல் வெறும் கூடுதான். உள்ளே செருகிய கட்டையில் காற்று போக ஒரு பள்ளம். அதன்மேல் மெல்லிய தகடாக ஒரு நாக்கு. நாக்கின் அடியை இறுக்கிப் பிடிக்க ஓர் ஆப்பு. நாக்கின் நுனிக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஊதியதும் நாக்கு கட்டைமேல் அறைந்து மூடும், காற்று நிற்கும், தன் விறைப்பால் நாக்கு மறுபடி எழும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இதே கூத்து. பூவரச இலையில் பீப்பி செய்தவர்களுக்குத் தெரியும்: நுனியை நசுக்கி அந்த இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் வெறும் காற்றுதான் வரும்.

நாக்கு மெதுவாக மூடாமல் 'பட்'டென்று அறைவதில்தான் சூட்சுமம். காற்று திடீரெனத் துண்டிக்கப்படுவதால் அடிப்படைச் சுருதியோடு அதன் மடங்குகளும் கூட்டமாகக் கிளம்பும். புல்லாங்குழலின் இனிமை போய், வாத்தின் முரட்டுக் குரல் வருவது அப்படித்தான். பலமாக ஊதினால் நாக்கு கட்டையோடு இன்னும் கொஞ்சம் படியும், ஆடும் நீளம் குறையும், சுருதி ஏறும். குழல் முனையைக் கையால் பொத்தினால் கூர்மையான ஒலிகள் அடங்கி, வாத்து தூரத்தில் கத்துவது போலக் கேட்கும்.

நீளக் கணக்கு ரொம்பக் கறாரானது. அதிர்வெண், தோராயமாக நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஆடும் பகுதி 20 மில்லிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் வெட்டினாலே சுருதி பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். கிட்டத்தட்ட இரண்டு சுரத்தானம்!

இதனால், குழல் நாணலா பிளாஸ்டிக்கா என்ற சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒலியை அதிகம் தீர்மானிப்பது நாக்கும் கட்டையும்தான். ஆனால் நாணலுக்கு ஒரு குணம் உண்டு: கணுவுக்குக் கணு துளை மாறும். ஒரு குழலுக்குச் செதுக்கிய கட்டை இன்னொன்றில் சேராது. ஆகவே ஒவ்வொன்றையும் தனியாக இழைக்க வேண்டும். இரண்டு இழுப்பு அரம், ஓர் ஊதல், காது கொடுத்துக் கேட்பது, மறுபடி அரம். நாணல் காடுகளில் பெரும்பகுதி வயலாகிவிட்டாலும் எங்காவது நட்டு வளர்த்துவிடலாம். ஆனால் கேட்டுத் திருத்தும் இந்தக் காதை, கைதேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக்க வேண்டும், அதுவும் நிறைய நாக்குகளைப் பாழாக்கி. நுனியில் ஓர் இழை அதிகம் வெட்டிவிட்டால் ஒட்ட வழியில்லை, புது நாக்குதான்.