பிறந்த குழந்தையின் தோலில் கொப்புளம்: முதலில் நாளைப் பாருங்கள், பிறகு இடத்தை

குழந்தை பிறந்து இரண்டாம் நாள். நேற்றுவரை மாசுமருவில்லாமல் இருந்த நெஞ்சிலும் முதுகிலும் கன்னத்திலும் கொசு கடித்துத் தடித்த மாதிரி சிவந்த திட்டுகள். சிலவற்றின் நடுவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு முனை. சீழ் கோத்துவிட்டதே என்று பெற்றவர்கள் பதறிப்போகிறார்கள். அந்தப் பதற்றத்தில் தவறே இல்லை. பெரியவர்களுக்குச் சீழ் வைத்தால் கிருமி புகுந்துவிட்டது என்றுதானே நினைக்கிறோம்?

பச்சிளங்குழந்தைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சீழ் என்பது ஓரிடத்தில் திரண்ட வெள்ளையணுக்களின் கூட்டம். தோலில் எந்த நோயும் இல்லாதபோதும் அவை திரளும். முதல் நான்கு வாரங்களில் வரும் புள்ளிகளிலும் கொப்புளங்களிலும் பெரும்பாலானவை மருந்தே இல்லாமல் மறைந்துவிடும். மிகச் சில மட்டும், கவனிக்காமல் விட்டால், உயிருக்கே ஆபத்தாக முடியும். இரண்டையும் பிரித்தறியக் கொப்புளத்தின் தோற்றம் மட்டும் போதாது. அது எத்தனையாவது நாளில் வந்தது, உடம்பில் எங்கே வந்தது, குழந்தை ஒழுங்காகப் பால் குடிக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மேலே சொன்ன சிவப்புத் திட்டுகளுக்கு எரித்தீமா டாக்சிகம் என்று பெயர். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வரக்கூடியது. குறைமாதக் குழந்தைகளிடம் அரிது. பிறந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு இரண்டாவது வாரம்வரை வந்து வந்து போகும். இதை அடையாளம் காண வீட்டிலேயே ஒரு வழி உண்டு. காலையில் ஒரு திட்டை நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். மாலையில் அதே இடத்தைப் பாருங்கள். பல நேரங்களில் அந்தத் திட்டு மங்கியிருக்கும், அல்லது சுவடே இருக்காது. ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். கிருமியால் வந்த கொப்புளம் இப்படி இடம் மாறி விளையாடுவதில்லை. அது இருந்த இடத்திலேயே பெரிதாகும், உடையும், பொருக்கு கட்டும்.

இன்னொரு தடயமும் உண்டு. உடம்பெங்கும் திட்டுகள் இருந்தாலும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் இது அநேகமாகத் தொடாது. காரணம் எளிது: அங்கே மயிர்க்கால்கள் இல்லை. இந்தத் திட்டுகள் தொடங்குவதே மயிர்க்கால்களைச் சுற்றித்தான். கருப்பையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்திலேயே, நம் எல்லோர் தோலிலும் வாழும் சாதாரண பாக்டீரியாக்கள் குழந்தையின் தோலிலும் குடியேறத் தொடங்குகின்றன. ஸ்வீடனில் ஜொவான்னா மார்க்கினியின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திட்டுகளின் தோல் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மயிர்க்காலுக்குள்ளும் அதைச் சுற்றித் திரண்டிருந்த தடுப்பு அணுக்களுக்குள்ளும் உருண்டை வடிவ பாக்டீரியாக்கள் தெரிந்தன. புதிதாக வந்த அந்த விருந்தாளிகளோடு குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் முதன்முதலாக அறிமுகமாகும் நிகழ்வாகவே இன்று பலரும் இதைப் பார்க்கிறார்கள். எனக்கும் இந்த விளக்கம் மிகவும் பிடித்தமானது. நோயாகத் தோன்றுவது உண்மையில் உடம்பு சரியாக வேலை செய்வதன் அறிகுறி.

மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் ஒரு கொப்புளத்தின் முனையைத் திறந்து, உள்ளிருப்பதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டுப் பார்ப்பார். எரித்தீமா டாக்சிகமாக இருந்தால் இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் நிறைந்திருக்கும். பாக்டீரியாத் தொற்றில் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் கூடவே அந்தப் பாக்டீரியாக்களும் தெரியும். சில நிமிட வேலை. பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பிறக்கும்போதே கொப்புளங்களோடு வரும் குழந்தைகளும் உண்டு. 1976-இல் ராமமூர்த்தி, எஸ்டர்லி முதலிய மருத்துவர்கள் பஸ்டுலர் மெலனோசிஸ் என்ற இந்தத் தீங்கற்ற வகையைத் தனியாகப் பிரித்து விவரித்தார்கள். கறுத்த நிறமுள்ள குழந்தைகளிடம்தான் அதிகம். மோவாய், கழுத்து, நெற்றி, முதுகு, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் மெல்லிய கொப்புளங்கள் இருக்கும். சுற்றிலும் சிவப்பு இருக்காது. லேசாகத் துடைத்தாலே உடைந்துவிடும். உடைந்த இடத்தை நெருங்கிப் பார்த்தால், நடுவில் பழுப்புப் புள்ளி, அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உரிந்த தோலின் மெல்லிய வளையம். அந்த வளையத்தைக் கண்டுவிட்டால் பாதி பயம் போய்விடும். சில குழந்தைகளுக்குக் கொப்புளங்கள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உடைந்து, பிறக்கும்போது கரும்புள்ளிகள் மட்டுமே இருக்கும். புள்ளிகள் மங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகும். தழும்பு விழாது. இது உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரலாம் என்பதால் பிறந்த உடனேயே மருத்துவர் பார்த்து உறுதி செய்துவிடுவது நல்லது.

மூக்கிலும் கன்னத்திலும் இருக்கும் கெட்டியான வெண்புள்ளிகள் மிலியா. உள்ளே சீழ் இல்லை. கெரட்டின் என்ற தோலின் புரதம் சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் தானாக உதிரும். வாயின் மேலண்ணத்தில் தெரியும் வெள்ளை மணிகளும் இதே வகைதான், பல் என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள்.

வேர்க்குரு எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தையின் வியர்வைக் குழாய்கள் இன்னும் முதிராதவை, எளிதில் அடைபடும். அடைப்பு தோலின் மேல்மட்டத்தில் இருந்தால், தெளிந்த நீர் நிரம்பிய, தொட்டாலே உடையும் சின்னக் கொப்புளங்கள் வரும். சற்று ஆழத்தில் இருந்தால் சிவந்த பருக்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: ஒரு சுற்றுத் துணியைக் குறையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். பவுடர் வேண்டாம், அது மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கும்.

மூன்றாவது வாரத்தில் கன்னம் முழுக்கப் பரு வந்தால் அதற்கும் பெரும்பாலும் பயம் தேவையில்லை. தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு இதில் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது. மூன்று நான்கு மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

இனி சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதவை. முதலில் வருவது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று. சிவந்த தோலின்மேல் சின்ன நீர்க்கொப்புளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும்; பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள், குறிப்பாக ஐந்தாம் நாளுக்குப் பின் தோன்றும். தலைப்பக்கம், கண்ணருகில், வாயருகில் வந்தால் இன்னும் கவனம் தேவை. தாய்க்குப் புண் இருந்ததே தெரியாத நிலையிலும் குழந்தைக்குத் தொற்றலாம். சிகிச்சை தாமதித்தால் மூளைக்குப் பரவும். அதனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே அசைக்ளோவிர் மருந்தை இரத்தக் குழாய் வழியாகத் தொடங்கிவிடுவார்கள். உதட்டில் நீர்க்கொப்புளம் உள்ளவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று. கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, தொப்புளைச் சுற்றி வரும். கொப்புளம் பெரிதாகி உடைந்து, ஈரமான சிவந்த புண்ணாகி, தேன் நிறப் பொருக்கு கட்டும். தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்தபோதே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பெரிய கொப்புளங்கள் இருந்தால் பிறவிச் சிபிலிஸையும் (தாயிடமிருந்து தொற்றும் பால்வினை நோய்) மருத்துவர் நினைத்துப் பார்ப்பார். வரிசை வரிசையாகக் கோடிட்ட மாதிரி கொப்புளம் வந்தால் அரிய பரம்பரை நோய்களையும்.

விரலால் அழுத்தினால் சிவப்பு மறைந்து, விரலை எடுத்ததும் திரும்பினால் அது இரத்தக் குழாய் விரிந்த சிவப்பு. அழுத்தியும் மறையாத ஊதா அல்லது செம்புள்ளி தோலுக்குள் கசிந்த இரத்தம்; அதை உடனே காட்ட வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குப் படாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விரல் நுனியால் தடவித் தடிப்பை உணருங்கள்.

எவ்வளவு சாதுவான தோற்றமுள்ள கொப்புளமானாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தால், உடம்பு 38 டிகிரி செல்சியஸை எட்டினால், போர்த்தியும் உடம்பு சூடேறாமல் குளிர்ந்தே இருந்தால், மூச்சு வாங்கினால், தோலை மறந்துவிட்டு உடனே ஓடுங்கள். மேலே சொன்ன தீங்கற்ற வகைகள் எதுவும் குழந்தையின் பசியைக் கெடுப்பதில்லை.

கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், தேய்க்காதீர்கள், எண்ணெயோ யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்போ தடவாதீர்கள். பிதுக்கிய இடம்தான் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்தால் போதும். மருத்துவரிடம் போகும்போது நேரம் குறித்த படங்களைக் கொண்டு போங்கள். எந்த நாளில் தொடங்கியது, எங்கே முதலில் வந்தது, பிரசவ சமயத்தில் தாய்க்குக் காய்ச்சலோ புண்ணோ இருந்ததா, வீட்டில் யாருக்காவது உதட்டுப் புண்ணோ சொறியோ இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். கொப்புளத்தைப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகள் இவைதான்.