படகு ஏன் டிரெய்லரில் கோணலாக ஏறுகிறது?

தண்ணீரிலிருந்து மேலே இழுத்த படகு டிரெய்லரில் ஒருபக்கமாக ஒதுங்கி அமர்ந்திருப்பதைக் கண்டு, வண்டியை மீண்டும் சாய்தளத்தில் பின்னோக்கி இறக்குபவர்களை எந்தப் படகுத்துறையிலும் பார்க்கலாம். இரண்டாம் முறையும் அதே கோணல் வந்தால் காற்றையும், நீரோட்டத்தையும், படகை டிரெய்லர் மீது இழுக்கும் கைச்சுழற்சிக் கருவியான வின்ச்சைச் சுற்றியவரையும் குறை சொல்வது வழக்கம். படகின் எடையைத் தண்ணீர் சிறிது சிறிதாகக் கைவிட, டிரெய்லர் அதைச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், கோணலுக்கான காரணம் பெரும்பாலும் டிரெய்லரை எவ்வளவு ஆழத்தில் நிறுத்தினோம் என்பதில் இருப்பது புலப்படும். எந்த டிரெய்லரை வாங்குவது என்ற கேள்வியும் இந்த எடை மாற்றத்தோடு தொடர்புடையதே என்பதால், அங்கிருந்தே தொடங்கலாம்.

தண்ணீரில் மிதக்கும் படகை அதன் நனைந்த அடிப்பரப்பு முழுவதும் தாங்குகிறது. 5 மீட்டர் நீளமும் 1,000 கிலோ எடையும் கொண்ட ஒரு ஃபைபர் படகின் நனைந்த பரப்பு ஏறக்குறைய 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாக 125 கிலோ சுமைதான் விழுகிறது. அதே படகை 3 மீட்டர் நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு தாங்குபலகைகள் மீது வைத்தால், தாங்கும் பரப்பு 0.6 சதுர மீட்டராகச் சுருங்கி, சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,670 கிலோவாக, அதாவது பதின்மூன்று மடங்குக்கும் மேலாக, உயர்கிறது. பலகைகளுக்குப் பதிலாக 16 ரப்பர் உருளைகள் இருந்து, ஒவ்வொன்றும் படகைத் தொடும் இடம் 10 சதுர செ.மீ. மட்டுமே என்றால், அந்தச் சிறு இடங்களில் அழுத்தம் மிதக்கும் நிலையைப் போல் ஐந்நூறு மடங்காகிவிடும். நீர் சீராகத் தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட ஓர் உடலை ஒரு சில கோடுகளில், அல்லது ஒரு சில புள்ளிகளில், தாங்குவதுதான் டிரெய்லரின் வேலை. ஆகவே அந்தக் கோடுகளும் புள்ளிகளும் படகின் உட்சட்டங்களுக்கு நேர் கீழே விழுகின்றனவா என்பதே டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது. விற்பவர் முதலில் காட்டுவது பெரும்பாலும் பளபளக்கும் சக்கரங்களாக இருக்கும்; அவை காத்திருக்கலாம்.

இதில் பலரும் தவறவிடும் ஓர் இடம் படகின் பின்முனையான அமரம். இன்ஜின் தொங்குவது அங்கேதான். எனவே தாங்குபலகைகள் அமரத்தின் பின்பலகை வரை முழுமையாக நீள வேண்டும். ஓரிரு அங்குலம் வெளியே நீண்டாலும் கேடில்லை. பலகை ஓரடி முன்னதாகவே முடிந்துவிட்டால், தாங்குதலின்றித் தொங்கும் அந்த ஓரடிப் பகுதி இன்ஜினின் கனத்தாலும் சாலைக் குலுக்கலாலும் காலப்போக்கில் கீழ்நோக்கி வளைந்து, அடிப்பரப்பின் கடைசியில் ஒரு கொக்கி போன்ற வளைவை உண்டாக்கும். அப்படிப்பட்ட படகு வேகமெடுக்கும்போது, அந்த வளைவு அமரத்தை மேலே தூக்கி, முன்முனையான அணியத்தை நீருக்குள் அழுத்துவதால், வேகமும் கையாளும் தன்மையும் குறைந்துபோகும். குறை இன்ஜினில் இருப்பதாக எண்ணிப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு, அது டிரெய்லரிலிருந்து வந்தது என்று தோன்றுவதே இல்லை.

பலகையா, உருளையா என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. சாய்தளம் எப்படிப்பட்டது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. சரிவு போதுமானதாகவும் நீர் ஆழமாகவும் இருந்தால் பலகைகளே மேல், ஏனெனில் அவை சுமையைப் பரப்பித் தாங்குவதோடு, தேய்ந்து சிக்கிக்கொள்ளும் உறுப்புகள் ஏதுமற்றவை. கடல் ஓதம் (நீரேற்றம்) வற்றும்போது நீர் ஆழமில்லாமல் போகும் இடங்களில், டிரெய்லரைப் பாதியளவுகூட நனைக்க முடியாது என்பதால், உருளைகள் உதவும். ஆனால் உருளைகள் எளிதில் சுழல்கின்றன என்பதே அவற்றின் ஆபத்தும் ஆகும். வண்டி சாய்தளத்தில் நிற்கும்போது, தண்ணீரை எட்டுவதற்கு முன்பே வின்ச் பட்டையை அவிழ்த்துவிட்டால், படகு காங்கிரீட்டின் மீது உருண்டு இறங்கிவிடக்கூடும்.

தாங்குதிறனைக் கணக்கிடும்போது, விவரத்தாளில் உள்ள படகின் எடை பெரும்பாலும் வெற்று உடலின் எடை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு அவுட்போர்டு இன்ஜின் தனியாக 100 கிலோவைத் தாண்டும். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறுகள், மிதவைச் சட்டைகள், குளிர்பெட்டி ஆகியவை சேர்ந்தால் இன்னொரு 100 கிலோ ஏறுவது எளிது. டிரெய்லரின் தகட்டில் பொறித்துள்ள மொத்த எடை வரம்பில் டிரெய்லரின் சொந்த எடையும் அடங்கியுள்ளதா என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் மேல் 15 முதல் 20 சதவீதம் வரை இடம் விட்டு வாங்குவது நல்லது. அதற்கும் மேலாக, இருமடங்கு திறனுள்ள டிரெய்லரை வாங்கினால் கவலையே இல்லை என்று நினைப்பதும் தவறு: கனத்த சுமைக்கென அமைந்த வில்கள் (ஸ்பிரிங்குகள்) இலேசான படகின் கீழ் வளைந்து கொடுக்காததால், சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகப் படகின் அடியில் போய் இடிக்கும்.

படகு எவ்வளவு எடை என்பதைப் போலவே, அந்த எடை டிரெய்லரின் எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். இழுக்கும் வண்டியின் இணைப்புக் குமிழ் மீது டிரெய்லரின் முன்முனை செலுத்தும் சுமை, படகு டிரெய்லர்களுக்கு, மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. படகு 1,000 கிலோ, டிரெய்லர் 300 கிலோ, குமிழிலிருந்து அச்சு வரை 4.5 மீட்டர் என்று கொள்வோம். மொத்தத்தின் எடைமையம் அச்சுக்கு 31.5 செ.மீ. முன்னே இருந்தால், குமிழ் மீதான சுமை 7 சதவீதமாக, அதாவது 91 கிலோவாக, இருக்கும். இப்போது படகை வின்ச் முனைவரை முழுமையாக இழுக்காமல் 20 செ.மீ. பின்னே விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோவை 0.2 மீட்டரால் பெருக்கி 4.5 மீட்டரால் வகுத்தால் 44 கிலோ வருகிறது. குமிழ் மீதான சுமையில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. ஒரு சாண் அளவுகூட இல்லாத அந்த இடைவெளியின் விலை நெடுஞ்சாலையில்தான் தெரியும். எடைமையம் பின்னே செல்லச் செல்ல, பக்கக் காற்றோ கடந்துசெல்லும் லாரியோ தொடங்கிவைக்கும் சிறு ஆட்டம், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், தானாக அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகி, இழுக்கும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்து அசைக்கும். வின்ச் கம்பத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தக்கூடிய டிரெய்லரை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். உப்புநீரில் இறங்கும் டிரெய்லருக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த எஃகோ அலுமினியமோ தேவை. வண்ணம் பூசிய எஃகு நன்னீருக்கு மட்டுமே போதும். பிரேக்குகளில், நீரில் மூழ்கி எழும் வேலைக்கு டிரம் வகையைவிட டிஸ்க் வகை ஏற்றது. சக்கரப் பேரிங்குகளுக்கு ஒரு தனிக் கவனம் உண்டு. நீண்ட தூரம் ஓடிச் சூடான சக்கரக் குடத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படகை இறக்குவதற்கு முன் கால் மணி நேரம் ஆறவிடுவதும், கிரீஸை வில்லின் விசையால் எப்போதும் சிறு அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிகளைப் பொருத்துவதும் இதைத் தடுக்கும்.

இனி ஏற்றும் வேலைக்கு வருவோம். படகு இறக்கும் சாய்தளங்களின் சரிவு பொதுவாக 12 முதல் 15 சதவீதம், அதாவது 7 முதல் 8.5 பாகை வரை. டிரெய்லரும் அதே சாய்வில் நிற்க, மிதக்கும் படகோ கிடைமட்டமாக இருக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள பலகையின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே, 12 சதவீதச் சரிவில், 36 செ.மீ. உயர வேறுபாடு இருப்பதால், அணியத்தின் அடிப்பகுதி பலகையை முதலில் தொடும் கணத்தில் அமரம் தன் பலகைமுனைக்கு மேலே ஓரடிக்கும் கூடுதலான உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. முன்பகுதி பலகையில் பிடிபட்டு ஒரு சுழல்முனையாகிவிட, பின்பகுதி எதிலும் பிடிபடாமல் நிற்கிறது. இந்நிலையில் வண்டியை மேலே நகர்த்தினால், முதல் சில அடி தூரம் முழுவதும் காற்றோ நீரோட்டமோ அமரத்தைத் தன் விருப்பப்படி தள்ளும். நீர்மட்டம் இறங்கி அமரம் பலகையில் அமரும் கணத்தில் அது எங்கே இருந்ததோ, அங்கேயே பதிந்துவிடும். டிரெய்லரை ஆழமாக இறக்கினால் ஏற்றுவது எளிது என்று நினைப்பவர்கள், அமரம் கட்டுப்பாடின்றி அலையும் இந்தத் தூரத்தைத் தாங்களே நீட்டிக்கொள்கிறார்கள்.

எனவே, பலகைகளைப் போர்த்தியிருக்கும் கம்பளம் நனையும்படி டிரெய்லரை ஒருமுறை நன்றாக உள்ளே இறக்கிவிட்டு, பின்னர் பலகைகளின் முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே தெரியும்வரை முன்னே எடுத்து நிறுத்துவது நல்ல தொடக்கநிலை. பல டிரெய்லர்களில், சக்கரக் காப்புத் தகடுகளின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி நிற்பது இதற்கான அடையாளமாக இருக்கும். இப்போது படகு மிதந்து உள்ளே வந்து, கடைசிச் சில அடிகளை வின்ச்சின் இழுவையால் பலகை மீது ஏறிக் கடக்கிறது. அணியம் உயர, அமரம் தாழ்ந்து பலகையை நெருங்குவதால், வண்டி நகரும்போது அலைவதற்கு அதற்கு இடமே இருப்பதில்லை. இதற்கு மாறாக டிரெய்லர் போதிய ஆழத்தில் இல்லையென்றால், கிட்டத்தட்ட முழு எடையையும் உலர்ந்த பலகை மீது இழுக்க நேரும். வின்ச்சும் பட்டையும் திணறும். வின்ச்சில் ஒவ்வொரு சுற்றாகப் பட்டை ஏறும்போது உருளையின் விட்டம் பெருகி, இழுவிசை குறைந்துகொண்டே வரும் என்பதால், பலம் அதிகம் வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும்.

படகின் அடி ‘வி’ வடிவில் இருப்பதால் தானாகவே நடுவில் வந்துவிடும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. அடிப்பரப்பின் சரிவு 15 பாகை என்றால், எடை முழுவதும் பலகையில் இறங்கிய பின் படகு பக்கவாட்டில் வழுகுவதற்கு, கம்பளத்தின் உராய்வுக் கெழு 0.27-க்கும் குறைவாக இருக்க வேண்டும். உராய்வு அதைவிடக் கூடினால் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அது அசையாது. பாதி எடையை நீர் தாங்கிக்கொண்டிருக்கும்போதோ, ஒரு சிறு அலையின் தூக்கலும் கையின் ஒரு தள்ளலும் போதும். நேராக்க வேண்டியது அப்போதுதான்.

பக்கவாட்டில் நிற்கும் வழிகாட்டிக் கம்பங்களை எப்போதும் டிரெய்லரின் பின்முனைக்கு அருகிலேயே பொருத்த வேண்டும், ஏனெனில் அலைவது அமரம்தான். படகுக்கும் கம்பத்துக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி போதும், 10 செ.மீ. விட்டால், அந்த 10 செ.மீ. கோணலுக்கு அனுமதி கொடுத்ததாக ஆகும். காற்று வீசும் நாளில், அமரத்திலிருந்து காற்று வரும் பக்கமாக ஒரு கயிற்றைக் கரையில் நிற்பவரிடம் கொடுத்து, வண்டி நகரும்போது இழுத்துப் பிடித்திருக்கச் செய்வது இன்ஜினைக் கொண்டு போராடுவதைவிட எளிது. இன்ஜினின் முழு வேகத்தில் படகை டிரெய்லர் மீது ஏற்றும் பழக்கம் சாய்தளத்தின் அடிமண்ணைக் குடைந்து பள்ளமாக்குவதால், பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு.

டிரெய்லர் சாய்தளத்தில் சற்றே குறுக்காக நிற்பதும் கோணலுக்குக் காரணமாகும். சரிவுக்கு நேராக இல்லாத டிரெய்லரின் ஒரு பலகை மற்றதைவிட உயர்ந்து நிற்கும். படகோ மட்டமாக மிதக்கும். இரண்டும் சேரும்போது படகின் நடுமுதுகாகிய ஏரா தாழ்ந்த பக்கத்தை நோக்கி ஒதுங்கும். படகுக்குள் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் இதே நிலைதான்.

சிறு கோணலால் எவ்வளவு கேடு? அணியம் வின்ச் கம்பத்தில் உள்ள முன்தாங்கியில் சரியாக இருந்து, அமரம் 10 செ.மீ. விலகியிருந்தால், 5 மீட்டர் படகில் அது 1 பாகையைச் சற்றே தாண்டும் கோணம். அமரத்திலிருந்து 2 மீட்டரில் உள்ள எடைமையம் 6 செ.மீ. விலகும், 1.8 மீட்டர் சக்கர இடைவெளியில் ஒரு சக்கரத்தின் சுமை 33 கிலோ கூடி, மற்றதன் சுமை அதே அளவு குறையும். டயர்கள் இதைத் தாங்கும். படகின் அடிதான் தாங்காது: உட்சட்டத்துக்கு நேரே இருக்க வேண்டிய பலகை, 10 செ.மீ. தள்ளி, தாங்குதலற்ற வெறும் தோல் மீதோ அடிப்பரப்பில் புடைத்திருக்கும் வரிமேட்டின் மீதோ அழுத்தும்போது, முன்பு கணக்கிட்ட சுமை மிகக் குறுகிய இடத்தில் குவிகிறது.

படகு கோணலாக வந்துவிட்டால், மேட்டில் நின்றுகொண்டு நான்கு பேர் சேர்ந்து தள்ளுவதில் பயனில்லை. வின்ச் பட்டையை அவிழ்க்காமல், அமரம் மட்டும் மிதக்கத் தொடங்கும் ஆழத்துக்கு வண்டியைப் பின்னே இறக்கி, அமரத்தை ஒரு கையால் நடுவுக்குக் கொண்டுவந்து, மெதுவாக மேலே எடுக்க வேண்டும். சமதரைக்கு வந்ததும் அணியத்தில் வின்ச் பட்டை மாட்டும் இழுவளையம் முன்தாங்கியை ஒட்டியிருக்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் சரிவு மாறும்போது படகு ஓரிரு செ.மீ. பின்வாங்குவதுண்டு. பிறகு வின்ச்சை இறுக்கி, அதை மட்டும் நம்பாமல் இழுவளையத்தில் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, அமரத்தின் இரு மூலைகளையும் பட்டைகளால் டிரெய்லர் சட்டத்தோடு கட்டினால், வண்டி புறப்படத் தயார்.