மூலிகையின் வாசனை இலையில் எங்கே இருக்கிறது?

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, கொழுந்து வாட்டும் மேல்மாடியிலிருந்து இரவு நேரத்தில் இறங்கிவரும் மணம் நன்றாகத் தெரியும். மாலையில் மடுவத்தில் நிறுத்துப் போடும்போது கொழுந்துக்குப் பச்சைப் புல்லின் வாடையைத் தவிர வேறு மணம் கிடையாது. அது இரவு முழுவதும் வாடி, உருளையில் கசங்கி, செம்பு நிறத்துக்கு மாறிய பிறகுதான் தேயிலையின் மணத்தைப் பெறுகிறது. ஆனால் அதே தொழிற்சாலைக்கு மேலேயுள்ள லயத்து வாசலில், பழைய வாளியொன்றில் நிற்கும் புதினாவை விரலால் தடவினால் அந்தக் கணமே மணம் எழுகிறது. வாட்டவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம். இரண்டும் இலைதான், ஒன்றுக்கு ஓர் இரவு தேவைப்படுவதும் மற்றதற்கு ஒரு விரல் போதுமாயிருப்பதும் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மூலிகையை எங்கே நடுவது, எப்போது வெட்டுவது, எப்படி உலர்த்துவது, குசினியில் எப்படிப் பயன்படுத்துவது ஆகிய எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

தேயிலைக் கொழுந்தில் மணப்பொருள்களில் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறுகளுடன் பிணைந்த நிலையில், ஆவியாக முடியாமல் கலங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கக்கூடிய நொதியம் இலையின் வேறொரு பகுதியில் தனியே இருக்கிறது. இலை கசங்கும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. புதினாவின் கதை இதற்கு மறுதலையானது. அது தன் மணத்தைச் செடியில் நிற்கும்போதே முழுமையாகச் செய்து, இலையின் மேற்பரப்பிலேயே சிறு பைகளில் நிரப்பி வைத்துவிடுகிறது. ஆகவே தேயிலையின் தொழில்நுட்பம் பறித்த பின் தொடங்குகிறது. மூலிகையின் தொழில்நுட்பமோ பறிக்குமுன் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மனிதன் செய்யக்கூடியது அந்தப் பைகளை உடையாமல் காப்பது மட்டுமே. கொழுந்தோடு பழகிய கைகளுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. எனக்கும் பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைவில்லை இருந்தால் இந்தப் பைகளைக் கண்ணாலேயே காணலாம். புதினா இலையின் அடிப்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், பனித்துளி ஒட்டியதுபோல மினுமினுக்கும் மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி. குட்டையான காம்பொன்றின் மேல் எட்டுக் கலங்கள் தட்டுபோல அமர்ந்து எண்ணெயைச் சுரக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் மெழுகுத்தன்மையான மேற்றோல், எண்ணெய் சேரச் சேரக் கொப்புளம்போல உப்பி எழும்புகிறது. துளசி, கற்பூரவள்ளி, ரோஸ்மேரி, தைம் ஆகியவை புதினாவின் குடும்பத்தையே சேர்ந்தவை என்பதால் அவற்றின் இலைகளிலும் இத்தகைய சுரப்பிகள் உண்டு. செடி இவ்வளவு பாடுபட்டு எண்ணெயைச் சேர்ப்பது நமக்காக அன்று. இலையைக் கடிக்கும் பூச்சிகளுக்கும் அதில் தொற்ற முயலும் பூஞ்சைகளுக்கும் அது கசப்பான வரவேற்பு. அந்த எண்ணெய் செடியின் சொந்தக் கலங்களுக்கும் தீங்கு செய்யக்கூடியதாகையால், அதை உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளிப்பரப்பில் தனிப் பையில் ஒதுக்கி வைக்கிறது.

எல்லா மூலிகைகளும் இப்படி மேற்பரப்பில் சேமிப்பதில்லை. எலுமிச்சைப்புல் தன் எண்ணெயை இலையின் உட்புறக் கலங்களில் வைத்திருக்கிறது. கறிவேப்பிலை இலைத்தசைக்குள் இருக்கும் சிறு குழிகளில் வைத்திருக்கிறது. கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிவது அதனால்தான். புதினாவைத் தடவினால் போதும், எலுமிச்சைப்புல்லை நசுக்க வேண்டும், கறிவேப்பிலையைக் கிள்ளியோ எண்ணெயில் பொரித்தோ போட வேண்டும் என்று நம் தாய்மார் கைப்பழக்கமாகச் செய்துவருவது இந்த உடலமைப்புக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

பைக்குள் இருப்பது ஒரே பொருள் அன்று. ஐந்து காபன் அணுக்கள் கொண்ட சிறு துண்டுகளை இணைத்துச் செடி பல மூலக்கூறுகளைக் கட்டுகிறது. இரண்டு துண்டுகள் சேர்ந்த பத்துக் காபன் மூலக்கூறுகளே நாம் முகரும் மணத்தில் பெரும்பகுதி. சந்தையில் மிஞ்சி என்றும் புதினா என்றும் கட்டுக்கட்டாக விற்கப்படும் செடியின் மணத்துக்குப் பெரும்பாலும் காவோன் என்ற பொருள் காரணம். மிட்டாயிலும் பற்பசையிலும் நாம் உணரும் கூர்மையான குளிர்ச்சி, மிளகுப் புதினாவில் நிறைந்திருக்கும் மெந்தோலுக்குரியது. மெந்தோல் நாக்கை உண்மையில் குளிர்விப்பதில்லை. குளிரை உணர்வதற்கென்று நம் நரம்புகளில் இருக்கும் ஒரு புரதத்தை அது தூண்டிவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்று படிக்கிறது. இந்தப் புரதம் 2002 இல் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் புலன்வாங்கிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021 இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கற்பூரவள்ளியும் மேல்நாட்டுத் தைமும் தோற்றத்தில் தொடர்பற்றவைபோல இருந்தாலும், தைமோல், காவக்ரோல் என்ற ஒரே பொருள்களையே இரண்டும் பெரும்பாலும் செய்கின்றன. தைம் கிடைக்காத சமையலில் கற்பூரவள்ளியில் ஒரு சிறு இலையைக் கிள்ளிப் போட்டால் ஈடாகிவிடும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இனிப் பறிப்புக்கு வருவோம். தேயிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்த கணக்கு. புதினாவில் அந்தக் கணக்கைப் பின்பற்றினால் நட்டம். மொட்டிலைகளில் சுரப்பிகள் இருக்கும். ஆனால் அவை நிரம்பியிருக்கமாட்டா. இலை விரியும் முதல் சில வாரங்களில்தான் எண்ணெய் சேர்கிறது. மிளகுப் புதினாவில் இதன்கூட இன்னொரு மாற்றமும் நடக்கிறது: இளம் இலையில் மெந்தோன் என்ற முன்னோடிப் பொருளே மிகுதியாக இருந்து, இலை முதிர முதிரத்தான் அது மெந்தோலாக மாறுகிறது. ஆகவே நன்கு விரிந்த இலைகளோடு தண்டாகவே வெட்ட வேண்டும். செடி பூக்கத் தொடங்கும் தறுவாய் அதற்கு நல்ல காலம். பூத்து முடியும்வரை விட்டால் அடியிலைகள் பழுத்து உதிர்ந்து, அவற்றோடு எண்ணெயும் போய்விடும்.

வெட்டும் இடத்தைப் பொறுத்தவரை மட்டும் தேயிலை கற்றுக்கொடுத்த பாடம் அப்படியே செல்லுபடியாகிறது. தண்டின் நுனி ஒட்சின் என்ற ஓமோனைச் சுரந்து கீழேயுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனியை அகற்றினால் அடக்கம் நீங்கி, வெட்டுக்குக் கீழேயுள்ள கணுவிலிருந்து இரண்டு கிளைகள் கிளம்புகின்றன. கொழுந்து எடுக்க எடுக்கத் தேயிலைச் செடி மேசைபோலப் பரந்து நிற்பதன் காரணமும் இதுவே. கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, செடியில் மூன்றில் இரண்டு பங்கு இலையை விட்டுவைத்தால் துளசியும் புதினாவும் தளராமல் மீண்டும் தழைக்கும். ரோஸ்மேரியை மட்டும் பச்சைத் தண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையற்ற முதிர்ந்த கட்டையில் வெட்டினால் அது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. கவாத்து வெட்டிய தேயிலை கட்டையிலிருந்து துளிர்ப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே எளிதில் ஏமாந்துபோகிறார்கள்.

எந்தச் செடியை எங்கே நடுவது என்பதை மலை தீர்மானிக்கிறது. இலங்கையின் மலைநாட்டில் மருந்துக்காகச் செடி வளர்ப்பது புதிதன்று. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவே 1861 இல் கொய்னா மருந்துக்கான சின்கோனா மரங்களைப் பரிசோதிக்கத் தொடங்கப்பட்டதுதான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. தை, மாசிக் காலத்து விடியலில் தரையில் உறைபனியும் விழும். அங்கே கொத்தமல்லி அவசரப்பட்டுப் பூக்காமல் நீண்ட காலம் இலை தரும். பனி விழுந்த இடத்தில் கற்பூரவள்ளியோ கருகிவிடும். அதைவிட முக்கியமானது மலைத்தொடரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் வறண்ட காற்றாக இறங்குகிறது. அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் இந்த வறண்ட மாதங்களில்தான் வருகிறது. மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட கோடையைத் தாங்கப் பழகிய ரோஸ்மேரிக்கும் தைமுக்கும் அந்தப் பக்கமே உகந்தது. அட்டன் பக்கத்து ஈரத்தில் அவற்றின் வேர் அழுகிவிடும். ஆனால் புதினாவும் வல்லாரையும் அங்கே கேட்காமலே பரவும்.

மண்ணும் கவனிக்கத்தக்கது. தேயிலை அமில மண்ணை விரும்புவதால் அதன் நிலங்கள் பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரையான பீஎச் அளவில் இருக்கின்றன. ரோஸ்மேரியும் தைமும் நடுநிலைக்குக் கிட்டிய மண்ணையே கேட்கின்றன. தேயிலை நின்ற நிலத்தில் பாத்தி போடுபவர்கள் மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டொலமைற் தூவி, சில வாரங்கள் விட்டு, பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அமைத்தால் பாதிக் கவலை நீங்கும். அதற்குப் பெரிய காணி தேவையில்லை. தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக எஞ்சும் ஓரங்களே பத்து வகை மூலிகைக்குத் தாராளமாகப் போதும்.

பறிக்கும் நேரத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். என் பழக்கம் காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் வெட்டுவது. ஈர இலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் சூடேறிய இலை கட்டுக்குள்ளேயே வெந்து கறுக்கும். கொழுந்தைக் கூடையில் அழுத்திப் போடும் வழக்கத்தை இங்கே கட்டாயம் விட வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் அழுத்தமும் ஆயிரக்கணக்கான பைகளை உடைக்கிறது. பறிக்கும்போது தோட்டம் முழுதும் மணக்கிறது என்று மகிழ்வதற்கில்லை. மணப்பது நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் எண்ணெய்.

உலர்த்துவதில்தான் மலைநாடு நம்மை மிகவும் சோதிக்கிறது. முதல் முறை நல்ல விளைச்சல் கிடைத்த ஆடி மாதத்தில், புதினாவை இஸ்தோப்பில் சாக்கு விரித்து நிழலில் பரப்பினேன். ஐந்து நாளாகியும் அது உலரவில்லை. ஆறாம் நாள் போதும் என்று நினைத்துப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது வெண்பூஞ்சணமும் ஊறல் நாற்றமும்தான் இருந்தன. முழு விளைச்சலையும் எருக்குழியில் கொட்டியது இன்றும் மனத்தை உறுத்துகிறது. பிழை நிழலில் உலர்த்தியதில் இல்லை, காற்றின் கணக்கைப் பாராததில் இருந்தது. 18 பாகையில் சாரீரப்பதன், அதாவது காற்றால் தாங்கக்கூடிய நீராவியில் ஏற்கெனவே இருக்கும் பங்கு, 95 விழுக்காடாக இருக்கும் காற்றில் இலையின் நீர் போய்ச்சேர இடமே இல்லை. அதே காற்றை, அதிலுள்ள நீராவியைச் சிறிதும் குறைக்காமல், 35 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 35 விழுக்காடாக இறங்கிவிடும். சூடான காற்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு நீராவியைத் தாங்க முடிவதே காரணம். ஆகையால் தேவைப்படுவது கடும் சூடு அன்று, இளஞ்சூடும் காற்றோட்டமும். இப்போது ஒரு மரப்பெட்டியில் கம்பிவலைத் தட்டுகளை அடுக்கி, அடியில் சிறிய மின்குமிழ்களும் மேலே துவாரமும் வைத்திருக்கிறேன். 40 பாகையைத் தாண்டவிட்டால் நீரோடு எண்ணெயும் ஆவியாகத் தொடங்கும். அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது விரைவானதுதான், ஆயினும் எண்ணெய்ப்பை விறகுப்புகையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இலை விரலுக்கிடையில் நொறுங்கி, தண்டு வளையாமல் முறிந்தால் போதுமான அளவு உலர்ந்துவிட்டது. ஐந்து, ஆறு கிலோ பச்சைப் புதினா ஒரு கிலோவாகச் சுருங்கும். இலையை முழுதாகவே இருண்ட போத்தலில் அடைத்து, பயன்படுத்தும் வேளையில் மட்டும் நொறுக்க வேண்டும். ரோஸ்மேரியும் தைமும் உலர்ந்தும் மணம் காப்பவை. கொத்தமல்லித் தழையின் மணம் எளிதில் ஆவியாகும் அல்டிகைட்டுகள் என்ற பொருள்களால் ஆனது. உலர்த்தினால் வைக்கோலே மிஞ்சும். அதைப் பச்சையாகவே பயன்படுத்த வேண்டும். வல்லாரையின் சிறப்பு மணத்தில் இல்லையாதலால் அதற்கு இந்தக் கவலைகளே இல்லை: காலையில் பிடுங்கி, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பலாக்கினால் அன்றே முடிந்துவிடும்.

குசினியில் நினைவில் வைக்க வேண்டியது, இந்த எண்ணெய்கள் நீரில் மிகக் குறைவாகவும் கொழுப்பில் தாராளமாகவும் கரையும் என்பது. சொதியில் தேங்காய்ப்பாலும், தாளிப்பில் தேங்காயெண்ணெயும் மணத்தைப் பிடித்துவைப்பது அதனால். மெந்தோலின் கொதிநிலை 212 பாகை, தைமோலின் கொதிநிலை 232 பாகை; ஆயினும் கொதிக்கும் நீரின் ஆவியோடு சேர்ந்து இரண்டும் நூறு பாகைக்குள்ளேயே வெளியேறிவிடும். மூலிகை எண்ணெய் வடிக்கும் ஆலைகள் இயங்குவது இந்த இயல்பைக் கொண்டுதான். மூடாத சட்டியில் புதினாவைக் கொதிக்கவிடுவதும் ஒரு வடிப்பே. வடிந்ததைப் பிடிக்கப் பாத்திரம் மட்டும் இல்லை. ஆகவே பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் கசக்கிய நான்கு இலைகளைப் போட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிடம் விட வேண்டும். தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் திரண்டு நிற்கும் துளிகளையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிட்டுக் குடியுங்கள். எழுந்த எண்ணெயில் ஒரு பங்கு அந்தத் துளிகளில்தான் இருக்கிறது.